என் முகத்தருகே இரண்டு எழுத்துகள்

பதுளை,
14.06.2025

லுணுகலையில் வசிக்கும் மகள் மேனுஷாவுக்கு, உன் தந்தை வீரசிங்கம் எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. முறை என்பதால் விசாரிக்கிறேன்: நலமா? இனி என் முறைப்பாடுகள்.

1. 02.04.2025: நீ தயாரிக்கும் 'அப்பா எலுமிச்சை ஊறுகாய்' போத்தலில், என் அடையாள அட்டைப் படம் என் அனுமதியின்றி அச்சிடப்பட்டிருக்கக் கண்டமை.

2. 03.04.2025: அப்படத்தின் காதருகே டீ.எம். என்ற இரண்டு பொடி ஆங்கில எழுத்துகளைப் பூதக்கண்ணாடியால் கண்டமை.

3. 11.05.2025: அவற்றைப் பட்டமென்று கருதிய கோயில் நிர்வாகத்தார், தேர்த்திருவிழா நோட்டீசில் என்னை 'வீரசிங்கம், பீ.ஏ., டீ.எம்.' என்று அச்சிட்டமை.

பீ.ஏ. பட்டத்துக்கு நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு படித்தேன். மற்றதை ஊறுகாய்ப் போத்தலில் பெற்றிருக்கிறேன். திருத்தச் சொல்லிப் போனபோது, இரண்டாயிரம் நோட்டீஸ் விநியோகமாகிவிட்டதாகச் செயலாளர் தெரிவித்து, "விடுங்க முதலாளி, பட்டம் கூடினா கொறைச்சலா?" என்று என்னைத் தேற்றினார். மறுநாள் ஒருவர் நம் கடைக்கே வந்து, தம் மகனையும் அந்தப் படிப்பில் சேர்க்க என்ன தகைமை வேண்டுமென்று விசாரித்தார். உன்மீது வழக்குத் தொடுப்பதென்று தீர்மானித்து, சட்டத்தரணி ஜெனீராவிடம் போத்தலோடு போனேன். அவர் அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"பதிவு செய்யாத வணிகக் குறிக்குத்தான் சேர் இதப் போடுவாங்க. கையில பத்திரம் ஒண்ணும் இருக்காது. ஆனாலும் இது என்னோடதுன்னு சொல்லிக்கிறாங்க, அவ்வளவுதான்."

உரிமை கோரப்பட்டவரே அதை மறுத்தால் என்னாகும் என்று கேட்டேன். "நீங்க மறுக்கிறீங்களா சேர்?" என்றார். யோசித்துச் சொல்வதாகக் கூறி எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து, நம் எதிர்க்கடை அலவியிடம் உன் போத்தல்களை அகற்றுமாறு கோரினேன். அவர் மறுத்துவிட்டார். படத்தில் இவ்வளவு கோபமாக இருப்பவர் கலப்படம் செய்யமாட்டார் என்று நம்பித்தான் சனம் வாங்குகிறதாம். அதோடு நின்றாரா? போத்தல் கொண்டுவரும் நாட்களில் நீ அவர் கடை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, நான் சாப்பிடப் போகும்வரை நம் கடையையே பார்த்துக்கொண்டிருப்பதையும் சொன்னார். "'அப்பா மெலிஞ்சிட்டாரா, அலவி நானா?'ன்னு ஒங்க மக கேக்குது. நான் என்னத்த அண்ணே சொல்றது?"

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து ரமேஸை நீ மணந்து பதினான்கு மாதங்களாகின்றன. இனி இந்த வாசற்படி ஏறாதே என்று சொன்னவன் நான், மறுக்கவில்லை. ஆனால் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்று தந்தையைப் பார்வையிடுமாறு நான் எந்த நாளிலும் சொன்னதில்லை. மகள் அப்படி நிற்பதை எதிர்க்கடைக்காரர் சொல்லி நான் அறிய நேர்ந்தது, மேற்படி மூன்று முறைப்பாடுகளையும்விடப் பெரிது. இதற்கான விளக்கம் 30.06.2025 மாலை நான்கு மணிக்குள் எழுத்து மூலம் எனக்குக் கிடைத்தாக வேண்டும்.

உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். ரமேஸுக்கும், நியாயமான அளவில்.

இப்படிக்கு,
ச. வீரசிங்கம், பீ.ஏ. (மட்டும்)

பி.கு.: விளக்கம் எழுத்து மூலம் வேண்டாம். குறியைப் பதிவு செய்வதானால் முகத்துக்குரியவரின் சம்மதக் கடிதம் இருப்பது நல்லதென்று ஜெனீரா சொன்னார். எழுதிக் கையொப்பமிட்டுவிட்டேன். சாட்சிகள் இருவர் வேண்டும். ஓரிடத்தில் அம்மா போட்டுவிட்டாள். மற்றதில் ரமேஸ் போடட்டும். 22.06.2025 ஞாயிறு மதியம் இருவரும் வாருங்கள், அம்மா கோழிக்குச் சொல்லிவிட்டாள். சம்மதக் கடிதத்தைத் தபாலில் அனுப்பமாட்டேன். தொலைந்துவிடும்.