கேட்பாஸ் அனுப்பிய தவளை

குன்னூரிலிருந்து பர்லியாருக்கு இறங்கும் மலைரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு கேட்பாஸ். பஸ் ஏறியிருக்கலாம். நடந்தால் வழியில் நாலு கடையில் வேலை கேட்கலாம் என்று நடந்தேன். அந்தக் கேட்பாஸை எழுதிக் கொடுத்தவரைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் அவர் நின்ற கேட்டைத் தாண்டி எழுத்தில் இல்லாமல் ஓர் ஈ உள்ளே போனதில்லை, வெளியே வந்ததும் இல்லை.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவர் கேட்பாஸ். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தவர். இருபத்தாறு வருஷம் ஒரு தேயிலை பாக்டரியின் கேட்டில் நின்றார். உள்ளிருந்து எது வெளியே போனாலும் அவர் சீட்டு எழுத வேண்டும். சீட்டில் கடைசியாக இரண்டு கட்டங்கள் இருக்கும்: திரும்பி வரும், திரும்பி வராது. தேயிலைப் பெட்டி திரும்பி வராது. ரிப்பேருக்குப் போகும் மோட்டார் திரும்பி வரும். இரண்டில் ஒன்றில் டிக் போடாமல் எதையும் விடமாட்டார்.

தேயிலை விலை விழுந்த வருஷங்களில் அந்தப் பாக்டரி மூடியது. மற்றவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு போக, இவர் ரிஜிஸ்டரையும் பாஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். அதற்கும் தானே ஒரு பாஸ் எழுதினார். திரும்பி வரும் என்ற கட்டத்தில் டிக். பாக்டரி திறக்கும் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அதுவரை குன்னூரில் வாடகைக்கு எடுத்த வீட்டின் கேட்டில் வேலையைத் தொடர்ந்தார்.

நானும் அதே விலையால் சேரம்பாடிப் பக்கம் வேலை போய் வந்தவன்தான். மழைக்கு ஒதுங்க அந்தக் கேட்டில் நின்றேன். உள்ளிருந்து ஒரு ரிஜிஸ்டர் என் முன்னால் நீண்டது.

“பேரு, ஊரு, வந்த காரியம்.”

பெயரை எழுதினேன். ஊர்க் கட்டத்தைத் தாண்டிப் போனேன். காரியத்தில் “ஒன்றுமில்லை” என்று எழுதினேன்.

“ஒன்னுமில்லாம ஒரு ஆளும் கேட்டுக்கு வாறதில்ல. அடிச்சிட்டு மழைன்னு எழுதுங்க.”

எழுதினேன். அன்றிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டதே “மழை” என்றுதான். மழை விட்டும் என்னைப் போகச் சொல்லவில்லை. விறகு ஷெட்டில் பன்னிரண்டு நாள் இருந்தேன்.

தபால்காரர் தினமும் சண்டை போடுவார். “ஏனுங்க கேட்பாஸ், தெனமும் வர்றவன் நானு. என்னையுமா எழுதச் சொல்றீங்க?”

“தெனமும் வாறவன் தெனமும் எழுதணும்.”

சமையல் கேஸ் கதை ஊருக்கே தெரியும். காலி சிலிண்டரை எடுத்துப்போனவருக்கு, சிலிண்டர் நம்பரோடு பாஸ் கொடுத்தார். திரும்பி வரும். அடுத்த முறை வந்தது வேறு நம்பர் சிலிண்டர். “இது எங்க சிலிண்டர் இல்ல” என்று கேட்டைச் சாத்திவிட்டார். அந்த நம்பரைத் தேடி எடுத்து வர வேண்டுமென்றால் மலை முழுக்க ஒவ்வொரு அடுப்படியாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்பது நாள் வீட்டில் விறகு அடுப்பு எரிந்தது. கடைசியில் மாடிவீட்டு டீச்சர் தன் பெயரில் கையெழுத்துப் போட்டு அந்தச் சிலிண்டரை உள்ளே எடுத்தார்.

வீட்டில் அவரும் பேத்தி சுதாவும் மட்டும். சுதாவுக்கு ஐந்து வயது. அவள் அம்மா வளைகுடாவில் நர்ஸ். போய் மூன்று வருஷம். அந்த மகள் பணம் அனுப்பி ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வைக்கச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சுதா தவளை வேஷம் போட்டு ஆடியதைப் படம் எடுத்திருந்தார்கள். நாலு நிமிஷம். அதை மகள் பார்க்க வேண்டும். சிடியாக அனுப்பினார்கள், இரண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்தது. மெயிலில் போட்டார்கள், சுமை அதிகம் என்று திருப்பி விட்டது. அங்கே மகளுடைய தோழி வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதிலும் இதிலும் ஒரே புரோகிராமைப் போட்டுக்கொண்டால் இங்கிருந்து அங்கே நேராகப் போய்விடும் என்று தோழியின் கணவர் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் நம் நேரத்துக்குப் பகல் பதினொன்றிலிருந்து ஒன்றுவரை அந்தக் கம்ப்யூட்டர் மகளுக்கு.

புரோகிராமின் கீழ் மூலையில் ஒரு சின்ன விளக்கு. பச்சையாக இருந்தால் அங்கிருந்து வருபவர் உள்ளே வரலாம். சிவப்பாக இருந்தால் முடியாது. தோழி வீட்டில் எப்போதும் சிவப்புதான். அந்தக் கட்டடத்து இணைப்பு அப்படி, அவர்களால் மாற்ற முடியாது. இரண்டு பக்கமும் சாத்தியிருந்தால் ஒன்றும் நடக்காது. இங்கேயாவது திறந்திருக்க வேண்டும்.

கடைவீதியிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சர்வீஸ் சிவா என்பவர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். ரிஜிஸ்டரில் கையெழுத்து, ஸ்க்ரூ டிரைவருக்குத் தனி வரி, எல்லாம் முடித்து உள்ளே போய், இன்டர்நெட் வந்து சேரும் ரவுட்டர் பெட்டியைக் காட்டி விளக்கினார்.

“இதானுங்க உங்க ஊட்டு கேட்டு. வெளியிருந்து ஒண்ணு வந்தா உள்ள எந்த மிஷினுக்குன்னு இதுக்குத் தெரியோணும். அதுக்கு ஒரு வரி எழுதி வைக்கோணுமுங்க. இல்லீன்னா திருப்பி அனுப்பிப்போடும்.”

“லாரி வருது. எந்தக் கொடவுனுக்குன்னு பேப்பர் இல்ல. நானா இருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன்.”

“அதேதானுங்க!”

“அப்ப இந்தப் பொட்டி செய்யிறது சரிதான்” என்றார் கேட்பாஸ். அன்றிலிருந்து ரவுட்டர் மேல் அவருக்கு ஒரு மரியாதை. தினமும் காலையில் துடைத்து வைப்பார்.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரவுட்டர் ஒரு நம்பர் கொடுக்கும். இவருடையது இரண்டு. வெளியிலிருந்து வருவதை இரண்டாம் நம்பருக்கு விடு என்று சிவா எழுதி வைத்தார். பச்சை. சிவா போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கரண்டு போய் வந்தது. சிவப்பு.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. சத்தம் எனக்கும் கேட்டது.

“அப்பா, இன்னும் வரலப்பா.”

“கேட்டு சாத்தியிருக்கு.”

“யாருப்பா சாத்துனது?”

“தெரியல. விசாரிக்கிறேன். நீ வேலையப் பாரு.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மழை, இருபத்தாறு வருஷத்துல என் கேட்டு எனக்குத் தெரியாம சாத்துனதில்ல.” அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. தோழியின் குடும்பம் அதோடு வேறு ஊருக்குப் போகிறது.

சிவாவை மறுபடி கூப்பிட்டோம். எல்லாவற்றையும் அணைத்து மளமளவென்று போட்டார். பச்சை. “பாருங்க, நல்லாத்தானுங்க இருக்குது” என்று கிளம்பினார். மறுநாள் கரண்டு போய் வந்தது. சிவப்பு. மூன்றாம் முறை வந்தபோது பனியில் வயர் ஈரமாகிவிட்டது என்றார். நான்காம் முறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். தவளையும் சேர்ந்து அழியுமா என்று கேட்பாஸ் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அவர் உள்ளே இருக்கும்வரை பச்சை. கரண்டு ஒரு முறை போய் வந்தால் பெரும்பாலும் சிவப்பு.

கேட்பாஸ் தன் வழியில் விசாரித்தார். எனக்கு ஒரு பழைய நோட்டைக் கொடுத்து விளக்கின் எதிரே உட்கார வைத்தார். எட்டாவதைத் தாண்டாத எனக்கு அவ்வளவு முக்கியமான எழுத்து வேலை அதற்கு முன் வந்ததில்லை. எட்டு மணி பச்சை. ஒன்பது சிவப்பு. சுதா பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு வரும்போதெல்லாம் தவளை மாதிரி கத்துவாள்.

வியாழக்கிழமை காலை என் நோட்டையும் அவருடைய ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் வரிவரியாக வந்தார். “ஞாயித்துக்கெழமை கரண்டு ரெண்டு தடவ போயிருக்கு. ரெண்டு தடவையும் பச்ச. ஞாயித்துக்கெழமை மேல டியூசன் இல்ல.”

நேராக மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். டீச்சருக்குக் கீழிருந்துதான் இன்டர்நெட். சமையலறை ஜன்னல் வழியாக ஒரு வயர் மேலே போகும். அதற்கும் பாஸ் உண்டு. பரீட்சை லீவு என்பதால் அங்கே பகலெல்லாம் டியூசன்.

“டீச்சர், போன கரண்டு வந்ததும் மொத வேல என்னா செய்வீங்க?”

“கம்ப்யூட்டர் போடுவேனுங்க. புள்ளைங்க காத்திட்டிருக்குமுங்க. ஏனுங்கய்யா, நான் என்ன பண்ணிப்போட்டேன்?”

அவர் என் பக்கம் திரும்பினார். “கரண்டு வந்தா நான் மொத வேல என்னா செய்வேன்?”

நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “ரிஜிஸ்டர்ல கரண்டு வந்த நேரத்த எழுதுவீங்கண்ணே.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கரண்டு போனாலும் சிவா எழுதி வைத்த வரி ரவுட்டரில் அப்படியே இருக்கும்; யாருக்கு எந்த நம்பர் கொடுத்தது என்பதுதான் அதற்கு ஞாபகம் இருக்காது. எது முதலில் வந்து கேட்கிறதோ அதற்கு இரண்டாம் நம்பர். இவர் கண்ணாடியைத் துடைத்து, பேனா மூடியைக் கழற்றி, நேரத்தை எழுதி, கீழே கோடு போட்டு முடிப்பதற்குள் டீச்சர் இரண்டாம் நம்பரை வாங்கிக்கொண்டார். இவருக்கு மூன்று. வெளியே இருந்து வந்தது எல்லாம் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. அங்கே அதை வாங்க அந்தப் புரோகிராமே இல்லை.

சிவா ஓடி வந்தார். இந்த முறை விளக்கியது கேட்பாஸ்.

“காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஆள் வந்து நிப்பாங்க. மொத வந்தவனுக்கு மொத நம்பர்னு குடுத்தா சம்பளம் எவனுக்குப் போகும்? அதுக்குத்தான் சம்பளப் புத்தகத்துல ஆளுக்கொரு செக்ரோல் நம்பர். முன்ன வந்தாலும் பின்ன வந்தாலும் அவனுக்கு அதேதான். இதுக்கும் அப்படி ஒன்னு குடுக்க ஏலாதா?”

சிவா தலையில் அடித்துக்கொண்டார். “குடுக்கலாமுங்கண்ணா! மொத நாளே பண்ணியிருக்கோணும், மறந்து போட்டேன். எந்த நம்பர் போடறது?”

“நூத்திப் பதினாலு.”

“அதென்னங்க கணக்கு?”

“என் செக்ரோல் நம்பர்.”

இருநூற்றைம்பது வரைதான் போட முடியுமாம். நல்லவேளை, அவர் பெரிய பாக்டரியில் வேலை பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் நூற்றுப் பதினாலு என்று எழுதி, ரவுட்டரிலும் அதற்கே விடும்படி மாற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குக் கரண்டு போனது. டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “நான் இன்னிக்குப் போடாம இருக்கட்டுங்களா?” என்றார்.

“போடுங்க டீச்சர். நீங்க போடாம இருந்து பச்ச வந்தா அது பச்ச இல்ல.”

பதினொன்று ஐந்துக்குக் கரண்டு வந்தது. அவர் ரிஜிஸ்டரை எடுத்து நேரத்தை எழுதினார், கோடு போட்டார். பிறகுதான் கம்ப்யூட்டரைப் போட்டார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

பச்சை.

முக்கால் மணி நேரம் ஆனது தவளை போய்ச் சேர. அவர் பாஸ் புத்தகத்தில் எழுதினார்: தவளை, ஒன்று, நாலு நிமிஷம், திரும்பி வராது. அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நாலு நிமிஷமும் சுதா மேடையில் குந்தியபடி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பாட்டு முடிந்த பிறகு ஒரே ஒரு குதி.

ஒரு மணிக்குச் சில நிமிஷம் முன்னால் திரையில் மகளுடைய எழுத்து வந்தது. பார்த்துவிட்டாளாம், நாலு தடவை. கேட்பாஸ் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, வாங்கியவர் கையெழுத்து வேண்டும் என்று அடித்தார். பிறகு வந்தது: “தவளை ஒன்று பெற்றுக்கொண்டேன். நல்ல நிலையில் உள்ளது.” கீழே அவள் பெயர், நேரம்.

அதை ரிஜிஸ்டரில் ஏற்ற அவர் பக்கம் புரட்டும்போது மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு வரி என் கண்ணில் பட்டது. மகளுடைய பெயர். போன நேரம் காலை ஐந்து பத்து. திரும்பி வரும் என்பதில் டிக். வந்த நேரம் என்ற கட்டம் காலி. அதைச் சுற்றி மட்டும் தாள் மங்கியிருந்தது. விரல் அடிக்கடி போய் வந்த இடம்.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டேன். எங்கேயும் இரண்டு வாரத்துக்கு மேல் எனக்குக் கால் நிற்காது. அவர் பாஸ் புத்தகத்தை எடுத்தார். எழுதினார், கிழித்தார், மடித்துக் கொடுத்தார். “வழியில யாராச்சும் கேட்டா காட்டுங்க” என்றார்.

வளைவுக்கு வளைவு அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். மழை என்று எழுதவில்லை. முதல் நாள் ரிஜிஸ்டரில் நான் எழுதிய என் முழுப்பெயர் இருந்தது. பொங்கல் இனாம் கொடுக்கவும் கோர்ட்டில் சாட்சிக்கு நிறுத்தவும் ஆட்கள் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வரும் என்று டிக் போட்டு யாரும் எதிர்பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலை பர்லியாரில் ஒரு பழக்கடையில் கூடை இறக்கும் வேலை கிடைத்தது. கடைக்காரர், “ஊரு எதுங்க?” என்றார்.

“குன்னூருங்க” என்றேன். “திரும்பிப் போகணும்.”