அம்மாவின் குரலும் ஒரு வண்டும்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் சௌக்கியம், என் இடது முட்டியைக் கணக்கில் சேர்க்காவிட்டால். நீயும் மச்சானும் பிள்ளைகளும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். நான் போனில் ‘சார்ஜர்’ என்று வாயெடுத்தாலே, “அண்ணா, அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று வைத்துவிடுகிறாய். ஒரு நாளைக்கு எத்தனை தடவையம்மா பால் காய்ச்சுவாய்? அதனால்தான் கடிதம். உறைக்குள் இருக்கும் பென் டிரைவை இப்போதே தொடாதே. நான் பட்ட பாட்டை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கேள்.

போன தடவை வந்தபோது எங்கள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, “அம்மா குரல் மறந்துபோயிடும்போல இருக்குண்ணா” என்றாயே, அப்போது நான் செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே போனேன். எனக்கும் மறந்துகொண்டிருந்தது. நீ ஊருக்குப் போன மறுநாளே பரண்மேல் ஏறினேன் (முட்டி அன்றைக்குப் போனதுதான்). அம்மா பேசினது ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. எதிர்வீட்டு நாய் குரைத்ததையெல்லாம் பதிவு செய்தவன், பெற்றவளை உட்காரவைத்துப் பேசச் சொல்லவில்லை பார். அந்த ஒன்றும் தற்செயலாக விழுந்ததுதான். அப்பா பேட்டரி வாங்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், டேப் ரெக்கார்டரைச் சுவர்க் கரண்டில் ஓட்ட ஒரு சோப்பு டப்பாவுக்குள் நானே எலிமினேட்டர் செய்தேனே, ஞாபகமிருக்கிறதா? பாட்டுக்குப் பின்னால் ‘ங்ங்ங்’ என்று அதுவும் பாடும். நீதான் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தாய். அதன்பிறகு நம் வீட்டில் யாரும் அதை எலிமினேட்டர் என்று சொன்னதே கிடையாது. தூங்கப் போகும்முன் அம்மா “வண்ட அணைச்சியாடா?” என்றுதான் கேட்பாள். நீ மேஜைமேல் மோவாயை வைத்துக்கொண்டு, கேசட்டைப் பென்சிலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருப்பாய். அந்த அறையை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை ஒரு சின்னப் பெட்டி வாங்கி அனுப்பினார். டேப் ரெக்கார்டரை அதில் சொருகி, அதை யூஎஸ்பி வயரால் லேப்டாப் கம்ப்யூட்டரில் சொருகினால் கேசட்டில் இருப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். சொருகினேன். போனது பாட்டு இல்லை, கொசு! ‘ஙீ…’ என்று ஒரே இரைச்சல். மவுஸை நகர்த்தினால் அதுவும் கூடவே கீச்சிடுகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஊரார் லைனில் எல்லாம் இரைச்சலைத் தீர்த்துவைத்த என் வீட்டிலேயே இரைச்சலா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மா கேசட் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பழுப்புப் பொடியாக உதிர்கிறது, அதனால் சோதனைக்கு வேறொரு கேசட்டைப் போட்டேன். ரேடியோவில் வந்த கோழி வளர்ப்புப் பேச்சு. இன்றைய தேதிக்கு நான் கோழிப் பண்ணையே வைக்கலாம். முதலில் ஃபிரிட்ஜ்மேல் சந்தேகப்பட்டு அதை அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை, மாவு பொங்கி வழிந்ததுதான் மிச்சம். ஃபேனை அணைத்தேன், வேர்த்து ஊற்றியது. கீழ்வீட்டுக்காரரிடம் போய்த் தண்ணி மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றேன். மனிதர் தலை நிறையச் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து, “எதுக்கு சார்?” என்று கேட்டார். கோழிப் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றேன். அன்றிலிருந்து மாடிப்படியில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்.

கடைசியில் மானத்தை விட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் ரொம்ப மரியாதையாக, “மாமா, சார்ஜரக் கழட்டிட்டுப் பாத்தீங்களா?” என்றார். கழட்டினேன். கப்சிப்! என்னத்தைச் சொல்ல, ஃபேனும் ஃபிரிட்ஜும் ஒரு பாவமும் அறியாதவை. அந்தச் சார்ஜர் கரண்டோடு குப்பையையும் சேர்த்து அனுப்புகிறது, அது யூஎஸ்பி வயர் வழியாக நம் பெட்டிக்குள் புகுந்துகொள்கிறது. ஆனால் சார்ஜர் இல்லாமல் இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் பாதிக் கேசட்டிலேயே மூச்சை விட்டுவிடுகிறது. மாப்பிள்ளை மறுபடியும் ஒன்று அனுப்பினார். தீப்பெட்டி அளவுதான். கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, சத்தத்தின் விவரத்தை மட்டும் உள்ளே விட்டு, கம்ப்யூட்டர் கரண்டை வாசலிலேயே நிறுத்திவிடும். பெட்டிக்கு வேண்டிய கரண்டை, போனுக்குப் போடுகிற பவர் பேங்கிலிருந்து தனியாகக் கொடுத்தேன். பார்க்கணுமே நீ! கோழிப் பேச்சாளர் எச்சில் விழுங்கினதுகூடக் கேட்டது.

அப்புறம்தான் அம்மா கேசட்டைப் போட்டேன். திரையில் சத்த அளவைக் காட்டும் முள் ஆடுவதைப் பார்த்தபடியே இருந்தேன். கொசு போய்விட்டது, ஆனால் அடியில் மெலிசாக ‘ங்ங்ங்’. நம்ம வண்டேதான்! கேசட்டிலேயே பதிந்து கிடந்திருக்கிறது. விடுவேனா? மாப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரில் இரைச்சலை உறிஞ்சும் வித்தை ஒன்றைச் செய்து வண்டையும் அடித்துவிட்டேன். பழுது தீர்ந்தால் பழையதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எக்ஸ்சேஞ்ச் பழக்கம், வண்டு இருந்த பதிவை அழித்தும்விட்டேன். குரல் மட்டும் லேசாகத் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும், பொருட்படுத்தாதே. ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது. உன் அண்ணன் சாதித்துவிட்டான்.

மச்சானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், இரைச்சல் இல்லாமல், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் மறந்துவிடு. உறையை ஒட்டும் நேரத்தில் உன் அண்ணி தானும் ஒரு தடவை கேட்கணும் என்று உட்கார்ந்தாள். கேட்டுவிட்டு, “ஏங்க, அத்தை எதுக்குங்க இப்படித் திட்டுறாங்க? ஒரு சத்தமும் இல்லையே?” என்றாள். நான் அத்தனை நாளும் இரைச்சலைக் கேட்டேனே தவிர அம்மா என்ன பேசுகிறாள் என்று கேட்கவே இல்லையம்மா! அம்மா சொல்கிறாள்: “டேய், அந்த வண்ட முதல்ல நிறுத்துடா. மனுஷி பேசறது எப்படிடா கேக்கும்?” உடனே நீ, கீச்சுக் குரலில், “அவனுக்குக் காது கேக்காதும்மா!” என்கிறாய். அம்மா சிரிக்கிறாள். வண்டு இல்லாமல் கேட்டால், பாவம், யாருமில்லாத அறையில் தனியாகத் திட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

பழைய பதிவைத்தான் அழித்துத் தொலைத்தேனே. கேசட் தாங்குமா தாங்காதா தெரியவில்லை, ஆனது ஆகட்டும் என்று இன்னொரு தடவை ஓட்டினேன். இந்தத் தடவை வண்டை அடிக்கவில்லை. அம்மா குரல் அம்மா குரலாகவே வந்தது. அவள் சிரித்து முடித்ததும் டேப் பட்டென்று அறுந்துவிட்டது. உறைக்குள் இருப்பது அந்தப் பதிவுதான், வண்டோடு. கேட்கிறபோது மட்டும் தயவுசெய்து அடுப்பில் பால் வைக்காதே.