ஈரம் சொட்டும் பிரேக்

பிரேக் கிடைத்துவிடக் கூடாது என்று பொன்னுச்சாமி முடிவு செய்தார். முடிவு செய்துவிட்டு, அதைத் தேடி ஊர் ஊராக அலைய ஆரம்பித்தார்.

வண்டி வெளிநாட்டு ரேஸ் சைக்கிள். கடையநல்லூர் சேக் மைதீன் துபாயிலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பிப் போனது. அவர் மனைவி கதீஜம்மாளிடமிருந்து பொன்னுச்சாமி வாங்கினார். சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார் வைத்த வண்டியில் வரும் ஒரே கிளார்க் அவர்தான். தாசில்தாரே ஒருமுறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். என்ன, நடு பார் மட்டும் நேராக இல்லாமல் கீழே சாய்ந்திருந்தது.

"இது லேடீஸ் சைக்கிள்லா?" என்று முதல் நாளே கேட்டாள் பொன்னுச்சாமியின் மனைவி முத்துத்தாய்.

"ஃபாரின் டிசைன்ட்டி. காத்தக் கிழிச்சிட்டுப் போகும்."

"காத்து கிழியுதோ என்னமோ, டயரு தெனம் கிழியுது."

உண்மைதான். ஒல்லி டயரை உடைமுள் விட்டுவைக்கவில்லை. பொன்னுச்சாமி இரண்டு சக்கரத்துக்கும் அகலமான ரிம் போட்டுத் தடி டயர் மாட்டினார். அதன் பிறகு பிரேக் பொருந்தவில்லை. பழைய பிரேக்கின் இரண்டு கைகளும் ஒல்லி ரிம்மைப் பிடிக்கச் செய்தவை. அகல ரிம் அவற்றுக்குள் நுழையவே மறுத்தது. நம்மூர் சைக்கிளின் கம்பி பிரேக்கை மாட்ட இந்த வண்டியில் இடமில்லை. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, செருப்புக் காலைத் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்தப் பழகிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் முத்துத்தாய்க்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. குருவிகுளம் ரோட்டில் ஒரு ஊர். பஸ் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கரிசலில் நடை. பிள்ளைகளுக்குச் சோறு தாமதமானால் வேலை நிலைக்காது. சிறு வயதில் அண்ணன் சைக்கிளில் பழகியவள். வண்டியைக் கேட்டாள்.

"பிரேக் இல்லாத வண்டிய எப்படிட்டி ஒங்கிட்ட கொடுப்பேன்? என்னைக்குப் பிரேக்கு மாட்டுதோமோ அன்னைக்கு வண்டி ஒனக்கு. சங்கரநாராயணர் மேல சத்தியம்."

சத்தியம் செய்தபோது அவருக்குத் தன் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பிள்ளைக்குச் செருப்பு வாங்கப் போகிறவர்கள் பாதத்தின் நீளத்துக்கு விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஒடித்து எடுத்துப் போவார்கள். அவரும் ஒடித்தார். போல்ட் மாட்டும் ஓட்டையிலிருந்து ரிம் வரை அளந்து, அதற்கும் மேலே ஒரு விரற்கடை தாராளமாகச் சேர்த்து ஒடித்தார். திருவேங்கடத்துச் சைக்கிள் கடைக்காரர் ஈர்க்கைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த அளவுக்குப் பிரேக்கு வேணும்னா லாரி பட்டறையில கேளும் வே."

பொன்னுச்சாமி வாடிய முகத்தோடு வீடு திரும்பினார். முகத்தை வாட வைத்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் வண்டியை எடுக்கக் கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போனபோது, முன் சக்கரத்தில் ஒரு பிரேக் இருந்தது.

கறுப்பு. நீண்ட இரண்டு கைகள் அகல ரிம்மின் மேல் இருபுறமும் கவிந்திருந்தன, யாருடைய கழுத்தையோ பிடிக்கப் போவதுபோல. லீவரை மெதுவாக அழுத்தினார். சக்கரம் சத்தமில்லாமல் நின்றது. தாழ்வாரத்துக் கதவில் அவர் போட்ட கொண்டி போட்டபடியே இருந்தது. அடுக்களையில் தோசை சுடும் சத்தம்.

யாரிடம் கேட்பது? கேட்டால் பிரேக் வந்துவிட்டதென்று ஆகிவிடும். வண்டி போய்விடும். கழற்றினார். குழாய் வந்ததிலிருந்து யாரும் எட்டிப் பார்க்காத கொல்லைக் கிணற்றில் போட்டார். வெகுநேரம் கழித்தே தண்ணீரின் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் அது திரும்பவும் சக்கரத்தில் இருந்தது. நனைந்திருந்தது. ரப்பர் கட்டையில் பாசி. கைகளின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றடியிலிருந்து தாழ்வாரம் வரை மண்ணில் ஈரத் துளிகள் வரிசையாக வந்திருந்தன. கால் தடம் ஒன்றுகூட இல்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சக்கரத்தின் மேல் போட்டு மூடினார்.

முத்துத்தாய் விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"ஏங்க, கெணத்தடியில யாரோ நடமாடுத மாதிரி இருந்துச்சே. கேட்டியளா?"

"கேக்கல."

"மொகம் ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"வெயிலு."

"சூரியனே வரலியே?"

"வரப்போற வெயிலு."

"சைக்கிளுக்கு எதுக்குத் துண்டு?"

"பனி."

அவள் கொஞ்ச நேரம் துண்டையே பார்த்தாள். "பிரேக்கு ஏதும் தட்டுப்பட்டுதா?"

"எங்க கெடைக்கும்? அளவு அப்படி."

அன்றும் கிணற்றில் போட்டார். மறுநாளும் வந்தது. ஆபீஸில் யாரோ மேஜையில் தண்ணீர் டம்ளரை வைத்ததற்கு எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் பிரேக்கைத் துண்டில் சுற்றி மதிய வேளையில் கோயில் தெப்பக்குளமான ஆவுடைப்பொய்கைக்குக் கொண்டுபோனார். ஆள் நடமாட்டம் இல்லை. பலம் கொண்ட மட்டும் நடுவில் வீசினார். இனி அதற்கு வழி தெரியாது என்று நினைத்தார்.

வழி தெரிந்திருந்தது. விடிந்தபோது அது முன் சக்கரத்தைக் கவ்விக்கொண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

கோமதியம்மன் சன்னதிக்கு முன்னால் சக்கரக் குழி இருக்கிறது. பேய் பிடித்தவர்களை அதில் உட்கார வைப்பார்கள். சைக்கிளைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். ஆகவே அதன் சார்பில் பொன்னுச்சாமி போய், கழற்றிய பிரேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைமுடியை விரித்துப்போட்டு ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு எத்தன நாளா?"

"எனக்கு இல்லம்மா. சைக்கிளுக்கு."

அவள் முடியை அள்ளிச் செருகிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே வந்திருந்த முத்துத்தாய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"மடியில என்னது?"

பொன்னுச்சாமி அம்மனைப் பார்த்தார். பொய் வரவில்லை. "பிரேக்கு."

"ரிம்முக்குச் சரியா இருந்துச்சா?"

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி."

"அளவெடுத்துத்தான் வாங்குனது. நானும் ஒரு ஈர்க்கு ஒடிச்சேன், சரியான அளவுல. கதீஜம்மா அக்கா அத துபாய்க்கு அனுப்பி வரவழைச்சுக் கொடுத்தா. ஒத்த போல்ட்டு, ஒரு கேபிளு. மாட்டுததுக்கு என்ன, மலையவா பொளக்கணும்?"

"கெணத்துல போட்டது?"

"பாதாளக்கரண்டிய விட்டுத் துழாவி எடுத்தேன். பேச்சித்தாய் மதினிகிட்ட எரவல். ஈடு வைக்காம கரண்டி தரமாட்டாளே. நம்ம வெங்கலப் போணி எத்தன நாளா அவ வீட்டுல கெடக்கு, நீங்க எங்க கண்டிய?"

பொன்னுச்சாமிக்கு உயிர் வந்தது. சிரித்தார். சக்கரக் குழியில் உட்கார்ந்து சிரித்ததால் பூசாரி ஓடிவந்து நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

"எமகாதகி! சரி, பொய்கையில போட்டத எப்படிட்டி எடுத்த?"

முத்துத்தாய் சிரிக்கவில்லை.

"பொய்கையா?"

"தெப்பத்துலட்டி. நேத்து மதியம்."

"நான் பொய்கைப் பக்கமே போகலியே."

உள்ளே தீபாராதனை மணி அடித்தது. மடியில் கிடந்த பிரேக்கிலிருந்து வேட்டியில் ஈரம் இறங்கிப் பரவுவதைப் பொன்னுச்சாமி பார்த்தார். அது தொடையைத் தொட்டபோது ஜில்லென்றிருந்தது. இரண்டு விரலால் அதைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"வண்டி ஒனக்கு. சத்தியம் சத்தியம்தான்."

அன்றிலிருந்து அவர் அந்த வண்டியைத் தொடவில்லை. முத்துத்தாய் அதில் வேலைக்குப் போனாள். நேரத்துக்குச் சோறு ஆனது. அவர் ஆபீஸுக்கு நடந்து போனார். தாழ்வாரத்தைக் கடக்கும்போது பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மழை பெய்து வண்டி நனைந்த நாள்களில் கொல்லைக் கதவையே திறக்கவில்லை.

அறுப்பெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் பாத்திரம் வாங்க வந்த கதீஜம்மாள் வீட்டுக்கும் வந்தாள். காப்பியை ஆற்றிக்கொண்டே கொல்லைப் பக்கம் பார்த்தாள்.

"ஏ முத்து, துபாய்ல இருந்து அவுக ஜோடியால்லா அனுப்புனாக? பின் சக்கரத்துக்கு ஏன் இன்னும் மாட்டல?"

பொன்னுச்சாமி தலையைத் தூக்கினார்.

முத்துத்தாய் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். "கடைசித் தடவ கெணத்துல கரண்டிய விட்டுத் துழாவித் துழாவிக் கை ஓஞ்சு போச்சுக்கா. ஒண்ணும் மாட்டல. சரின்னு ஜோடியில மிச்சம் இருந்தத எடுத்து, வாளித் தண்ணியில முக்கி முன்னால மாட்டிட்டேன். மொதல்ல உள்ளது பொய்கையில கெடக்கு. இவுகளுக்கு எடம் தெரியும்."

கதீஜம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பொன்னுச்சாமி எழுந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை.