தவலடைக்கு முன்னால் அப்பம் கிடையாது

பம்பாய் மாடுங்காவில் எந்தக் குழந்தையும் தன்னைக் கேட்காமல் வளரக்கூடாது என்று நினைத்த ஒரே பிரகிருதி எங்கள் கட்டடத்துத் 'தவழும் மாமா'தான். ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. ஆனால் அடுத்தாத்துக் குழந்தை எப்போது குப்புற விழ வேண்டும் என்பதில் மனுஷர் மகா கண்டிப்பு.

குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, தவழ்ந்தால் தவலடை, நடந்து வாசற்படி தாண்டினால் அப்பம் என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். யுத்த காலம், எல்லாம் ரேஷன். அப்படியும் தன் பங்கு அரிசியை மிச்சம் பிடித்து அவரே அடுப்பு மூட்டுவார்.

"முதல்ல தலை நிக்கணும். அப்புறம் முதுகு. கடைசியிலதான் ஓய் காலு! நடுவிலே ஒண்ணைத் தாண்டப்படாது" என்பார்.

என் பெண் ராஜி தாண்டினாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே நகர்ந்தாள், தவழவில்லை. அவள் வயசுக் குழந்தைகள் மாடிப்படி ஏறி விழுந்துகொண்டிருந்தன. எங்களுக்கு முதல் குழந்தை தங்கவில்லை. இதுவும் இப்படியா என்று என் பெண்டாட்டி பாலம் சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

மாமா வந்தார். "தவலடை ஆகாம அப்பமா? நன்னாயிருக்கே நியாயம்!"

பாலம் அழுதுவிட்டாள். "அவளுக்குக் காலே வராதா, மாமா?"

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த மாமா கோட்டைக் கழற்றி மாட்டினார், பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகினார், பொது வராந்தாவில் மண்டியிட்டுத் தவழ ஆரம்பித்தார். "பாருடி ராஜி, இப்படி! இந்தக் கை, அப்புறம் அந்தக் கால்!" கீழ்வீட்டு மராத்திக்காரப் பாயியம்மாள், பாவம், மாமா எதையோ தொலைத்துவிட்டார் என்று விளக்கோடு ஓடி வந்தாள். ராஜி கைகொட்டிச் சிரித்தாள், நகரவில்லை.

தினமும் இதே கூத்து. முட்டி தேய்ந்து புண்ணானதுதான் மிச்சம். "போதும் மாமா, விட்டுடுங்கோ" என்றால் என் மேல் எரிந்து விழுவார்.

ஒருநாள் அவர் தவழ்ந்து பக்கத்தில் போனபோது ராஜி அவர் குடுமியைப் பிடித்தாள். பிடித்து, இழுத்து, எழுந்து நின்றே விட்டாள். மாமாவுக்குக் கண்ணில் ஜலம். வலியோ என்னவோ.

"பாலம், கத்தாதே. குழந்தை பயந்துடும்" என்றார் மெதுவாக.

ராஜி குடுமியை விட்டுத் தோளைப் பிடித்தாள். தோளை விட்டு முதுகைத் தடவிக்கொண்டு ஓரடி வைத்தாள். இன்னோரடி. பாலம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தவழவே இல்லையே மாமா!" என்றேன்.

"ஓய், சும்மா இரும். அவளுக்கு அவ வழி. என் ஆத்துல வெல்லம் இருக்கு, அப்பத்துக்கு மாவு அரைக்கச் சொல்லும்."

முழங்காலில் ரத்தம் கசிந்து வேஷ்டி நனைந்துவிட்டது. எழுந்திருங்கோ என்று எல்லாரும் சொன்னோம். ராஜி தானாகக் கையை எடுக்கிற வரைக்கும் அந்த மனுஷர் அசையவே இல்லை.