காரணியே இல்லாத கணக்கு

கடவுளே வந்து தடுத்தாலும், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மாடிவீட்டுக்காரரோடு ஜோடி சேர்ந்து கேரம் இறுதி ஆட்டம் ஆடியே தீருவது என்று சபதம் எடுத்திருந்தேன். நாலரைக்கு மனைவி தடுத்தாள்.

"நாளைக்கு உங்க பொண்ணுக்குக் கணக்குப் பரீட்சை. காரணிப்படுத்தறதைச் சொல்லிக் குடுத்துட்டு எங்க வேணா போங்க."

அவள் தையற்காரி. கணக்கில் நான்தான் புலி என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வைத்திருக்கிறேன். மாட்டிக்கொண்டேன்.

மகளைக் கூப்பிட்டு x² + 5x + 6 என்று எழுதினேன்.

"பெருக்கினா ஆறு, கூட்டினா அஞ்சு. என்ன ரெண்டு எண்?"

"ரெண்டும் மூணும். (x + 2)(x + 3). அடுத்தது குடுங்கப்பா."

இந்த வேகத்தில் போனால் இருபது கணக்கு கேட்பாள். ஆறை அழித்து எட்டாக்கினேன். எட்டை ஒன்று, எட்டு என்று பிரித்தால் கூட்டல் ஒன்பது. இரண்டு, நான்கு என்றால் ஆறு. ஏழு ஜென்மம் எடுத்தாலும் ஐந்து வராது. அவள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும், நாம் நழுவலாம் என்று செருப்பை மாட்டினேன்.

மனைவி நோட்டை எட்டிப் பார்த்தாள். குனிந்து மகளின் காதில் ஏதோ சொன்னாள்.

"ஏங்க, இது கஷ்டமா இருக்கே. நீங்களே போட்டுக் காட்டிடுங்க. உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலைதானே? நீங்க வர லேட்டாகும்னு நான் மாடியில சொல்லிடறேன்."

பிரியாது என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். செருப்பைக் கழற்றினேன். பின்னம் போட்டேன், மைனஸ் போட்டேன், ஐந்து பக்கம் கிறுக்கினேன். மாடியில் கைதட்டல் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றெரிச்சல். ஆறு மணிக்குச் சரணடைந்தேன்.

"இது பிரியாதும்மா."

"தெரியும்ப்பா. அஞ்சோட வர்க்கம் இருபத்தஞ்சு. அதுல நாலெட்டு முப்பத்திரண்டைக் கழிச்சா மைனஸ். அப்ப பிரியாது. அம்மா அப்பவே சொல்லிட்டாங்க."

"அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"என் புக்கை மெஷின் மேல விரிச்சு வெச்சுக்கிட்டு வருஷம் பூரா படிச்சாங்களே!"

"நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"ஆட்டம் முடியற வரைக்கும் அப்பாவைத் தொந்தரவு பண்ணாதேன்னாங்க."

கதவு திறந்தது. கையில் கேரம் வெற்றிக் கோப்பையோடு மனைவி. கோபம்தான் வந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், பெருமைதான் வந்தது. பின்னாலேயே மாடிவீட்டுக்காரர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், அடுத்த வருஷமும் நீங்க கணக்கே சொல்லிக் குடுங்க."