கைதிக்குத் தாடி வளர்ந்த கதை

நீதிபதி வேலையிலிருந்து ஓய்வு பெற அரசாங்கம் ஒரு நாள் குறித்துக் கொடுக்கிறது. அந்த நாற்காலியிலிருந்து மனத்தளவில் இறங்குவதற்கு அப்படி யாரும் நாள் குறித்துக் கொடுப்பதில்லை. நான் மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்று, ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகும் நெடுங்காலம் மேடைமேலேயேதான் இருந்தேன். காய்கறிக்காரர் விலை சொன்னால் ஆதாரம் கேட்பேன். மனைவிக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்தால் இரு தரப்பையும் கேட்டுக்கொண்டு, மாலையில் தீர்ப்பு சொல்வதாக ஒத்திவைப்பேன். (மாலையில் பார்த்தால் இருவரும் சமாதானமாகி கபாலீசுவரர் கோயிலுக்குப் போயிருப்பார்கள்.)

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. நான் எழுத வந்தது அப்படிப்பட்டதல்ல. ஆனால் என் குடும்பத்தார் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பது இதைத்தான்.

என் மனைவி விஜயத்துக்கு ஒரு தம்பி. பெயர் சுந்தர். மந்தைவெளியில் சிறிய வாடகை வீடு. கைநிறைய சம்பளம் தந்த பாங்க் உத்தியோகத்தை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டுகளைத் தமிழில் எழுதப் போகிறேன் என்று கிளம்பியவன். தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூர்ப் பக்கத்தில் இதைவிடச் சந்நியாசம் வாங்கியிருந்தால் உறவினர்களுக்குப் புரிந்திருக்கும்.

அவன் எழுதிய முதல் விளையாட்டின் பெயர் ‘கேஸ் கட்டு’. அதில் நாம் ஓர் இளம் வக்கீல். தெருத்தெருவாகப் போய்த் துப்புத் துலக்கி, கோர்ட்டில் வாதாடி, நிரபராதியை விடுவிக்க வேண்டும். என்ன பேசுவது என்று திரையில் நான்கு வரிகள் வரும். எந்த வரி வேண்டுமோ அந்த எண்ணை அமுக்கினால் நம் வக்கீல் அதைப் பேசுவார். சுந்தர் ஆசையோடு என்னிடம் அதைக் காட்டியபோது நான் பார்த்தது ஒரே ஒரு காட்சி. அதில் நீதிபதி மேஜையைச் சுத்தியலால் தட்டினார்.

“நம்ம கோர்ட்டுல எவன்டா சுத்தியல் வெச்சிண்டிருக்கான்? ஜட்ஜுன்னா தச்சனா?” என்றேன். எழுந்து போய்விட்டேன்.

அதோடு நிற்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது ரசத்திலிருந்து மோர்வரைக்கும் அந்த விளையாட்டின் பிழைகளை அடுக்கினேன். கோர்ட்டுச் சேவகனான டவாலி பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். சாட்சி சொல்வதை நீதிபதி சுருக்கிச் சொல்ல, அதைத்தான் தட்டெழுத்தில் அடிப்பார்கள். சுந்தர் எல்லாவற்றுக்கும் “சரி அத்திம்பேர்” என்றான்.

இரண்டாம் பாகத்தில் அத்தனையையும் திருத்தியிருந்தான். அதற்கு அவனுக்கு ஏறத்தாழ இரண்டு வருஷம் ஆயிற்று.

தி.நகரில் செல்வராஜ் அண்ணாச்சி என்று ஒருவர் பாத்திரக்கடை வைத்திருந்தார். கீழே எவர்சில்வர், பித்தளை. மாடியில் புதிதாகக் கம்ப்யூட்டர் விற்பனை. கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு முதல் பாகத்தை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தவர் அவர்தான். ஆனால் வாங்கியவர்களில் சில வக்கீல்கள் இருந்தார்கள். அவர்களும் அந்தச் சுத்தியலைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு அது மனதில் தைத்துவிட்டது. இரண்டாம் பாகத்தை உண்மையான நீதிபதி ஒருவர் கடையில் எல்லோர் முன்னாலும் ஆடி முடித்து, சரியாக இருக்கிறது என்று சொன்னால் தீபாவளிக்கு எடுத்துக்கொள்கிறேன், மூன்றாம் பாகத்துக்கும் இப்போதே வாக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

சுந்தரின் மனைவி மாலதி பொறுமைசாலி. இருந்தாலும் பொறுமைக்கும் வீட்டு வாடகை உண்டல்லவா. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் நிறுவனம் ஒன்றில் சுந்தருக்கு வேலை தயாராக இருந்தது. அண்ணாச்சி எடுத்துக்கொண்டால் சென்னை, மூன்றாம் பாகம். இல்லையென்றால் கோயம்புத்தூர், விளையாட்டெல்லாம் மூட்டை கட்டிவிடுவது. இப்படி அவளுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். இது எனக்கும் தெரியும்.

மைத்துனன் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிபதி உட்காரக் கூடாது. விலகிக்கொள்ள வேண்டும். சட்டக் கல்லூரிப் பையனுக்குக்கூடத் தெரியும். நான் விலகவில்லை. மறுபடி ஒருமுறை நீதிபதியாக உட்காரும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? அதற்குப் பதில், கூடுதல் கண்டிப்போடு நடந்துகொண்டால் உறவு என்ற குறை நேராகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் சொல்லிக்கொண்ட சமாதானங்களில் மிக மோசமானது அதுதான்.

அந்த வாரம் சுந்தர் வீட்டுக்கு வந்தான். “அத்திம்பேர், கடைசிக் கட்டத்துல மட்டும் ஒண்ணு...” என்று ஆரம்பித்தான்.

நான் கையை உயர்த்தினேன். “சுந்தர், கட்சிக்காரன் ஜட்ஜோட தனியாப் பேசப்படாது.”

விஜயம் சமையலறையிலிருந்து காபியோடு வந்தாள். “அவன் கட்சிக்காரன்னா நான் யாரு, அமீனாவா? கொழந்தை ஏதோ சொல்ல வரான், காதுல வாங்கிக்கப்படாதா?”

வாங்கிக்கொள்ளவில்லை. சுந்தர் காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. தி.நகரில் அன்றைக்கு நடக்க வேண்டியதில்லை, நின்றால் போதும், கூட்டமே கொண்டு சேர்த்துவிடும். அந்தப் புழுக்கத்தில் நான் கறுப்புக் கோட்டு அணிந்துகொண்டு போனேன். (ஏன் என்று இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை.) மாடியில் எனக்கென்று ஒரு நாற்காலி. அதற்கு மாலை போடாத குறை. கீழே பாத்திரம் வாங்க வந்தவர்களெல்லாம் ஜட்ஜ் ஐயா கம்ப்யூட்டரில் கேஸ் நடத்துகிறாராம் என்று கேள்விப்பட்டு, இட்லிப் பானையும் குக்கருமாக மேலே ஏறி வந்து நின்றார்கள்.

உட்கார்ந்ததும் நான் இட்ட முதல் உத்தரவு: வழக்கில் சம்பந்தப்பட்டவர் வெளியே இருக்க வேண்டும். சுந்தர் மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டான்.

விளையாட்டு தொடங்கியது. நன்றாகவே இருந்தது. முனுசாமி என்ற காவலாளி திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கிறான். டவாலி மூன்று தரம் கூப்பிட்டான். சுத்தியல் இல்லை. நான் திருப்தியோடு தலையசைத்தேன். குறிப்பாக அந்த நீதிபதி என்னை மிகவும் கவர்ந்தார். நிமிர்ந்து உட்கார்ந்த கம்பீரம், அளந்த பேச்சு. அவருக்கு ஒரு பழக்கம் வைத்திருந்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு மேஜையெல்லாம் அதைத் தேடுவார். அவர் தேடும்போதெல்லாம் என் பின்னால் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இதில் என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்து அதட்டலாம் என்று என் கண்ணாடியைத் தேடினேன். மேஜையில் காணோம். சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

கடைசிக் கட்டம். திருட்டை நேரில் பார்த்ததாக ஒருவர் சாட்சி சொல்கிறார். அன்று தெருவில் கரண்ட் இல்லை, இருட்டில்தான் பார்த்தேன் என்கிறார். நீதிபதி அதைச் சுருக்கித் தட்டெழுத்தருக்குச் சொல்லும்போது, தெரு விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாகச் சொல்லிவிடுகிறார். பதிவாகிவிடுகிறது. இப்போது வக்கீல் பேச வேண்டும். திரையில் நான்கு வரிகள். ஒன்று, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய். இரண்டு, ஆட்சேபணை தெரிவி. மூன்று, வாய்தா கேள். நான்கு, நீதிபதி தவறாகச் சொல்லிவிட்டார் என்று எடுத்துச் சொல்.

ஒன்றை அமுக்கினேன். சாட்சி ஏற்கெனவே சொல்லியாயிற்று என்றார் நீதிபதி. இரண்டை அமுக்கினேன். ஆட்சேபணை தள்ளுபடி. மூன்றை அமுக்கினேன். நாட்காட்டியின் தாள் கிழிந்தது, அடுத்த மாதம் அதே கோர்ட், அதே நான்கு வரிகள். ஒரே ஒரு மாற்றம். கூண்டில் நின்ற முனுசாமிக்கு லேசாகத் தாடி முளைத்திருந்தது.

சுந்தர் இதை எவ்வளவு யோசித்துச் செய்திருந்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு, மறுபடி வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தாடி ஒரு விரல் வளர்ந்தது. நெஞ்சைத் தொட்டது. நரைக்கவும் தொடங்கியது.

இட்லிப் பானையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மாள், “பாவங்க, அந்த ஆளுக்கு ஒரு சவரமாவது பண்ணிவிடச் சொல்லுங்க” என்றாள்.

குக்கர் வாங்க வந்தவர் ஒருவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “சார், நாலாவதா ஒண்ணு கீதே, அத்தத் தட்டிப் பாருங்களேன்.”

“சாட்சிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது,” என்றேன் கடுமையாக.

“நான் எங்க சார் சாட்சிக்குச் சொன்னேன்? உங்களுக்குத்தானே சொல்லிக்கினு இருக்கேன்.”

அவரையும் வெளியேறச் சொன்னேன். அவர் படிக்கட்டில் சுந்தருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். உள்ளே நடப்பதையெல்லாம் அவர்தான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான்காவது வரியை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். அதையும் ஒரு வழி என்று என் மனம் எடுத்துக்கொள்ளவில்லை. விளையாட்டுக்காக வைத்த தவறான பொறி, அவசரக்காரர்கள் விழுவதற்கு வைத்தது என்று முடிவு கட்டிவிட்டேன். முனுசாமியின் தாடி இடுப்புக்கு வந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது. வெளியே விளக்குப் போடும் நேரம் ஆயிற்று. நான் எழுந்து நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தீர்ப்புச் சொன்னேன்.

கோர்ட்டு நடைமுறை பெரும்பாலும் சரியாக இருக்கிறது. நீதிபதியின் பாத்திரம் குறை சொல்ல முடியாதபடி அமைந்திருக்கிறது, நம் ஊரில் இப்படிப்பட்ட நீதிபதிகள் பெருக வேண்டும். ஆனால் விளையாட்டு முழுமை பெறவில்லை. நிரபராதியை விடுவிக்க அதில் வழியே வைக்கப்படவில்லை.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். “ஐயாவாலேயே முடியலன்னா, வாங்குதவன் என்ன செய்வான்?” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

சுந்தர் உள்ளே வந்தான். கேட்டது ஒன்றுதான். “நாலை அமுக்கினேளா, அத்திம்பேர்?”

“வக்கீல் ஜட்ஜைப் பாத்து அப்படிச் சொல்லப்படாதுடா. மரியாதை இல்லை.”

அவன் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, ஃபிளாப்பிகளைப் பெட்டிக்குள் அடுக்கினான். பொங்கலுக்கு முன்பே கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார்கள்.

அவர்களை ரயிலேற்றிவிட்டு வரும் வழியில் ஆட்டோவில் விஜயம் கேட்டாள். தம்பி வீட்டில் அந்த விளையாட்டை அவள் முன்பே பார்த்திருந்தாள். “அந்த ஜட்ஜ் யாருன்னு நிஜமாவே தெரியலையா உங்களுக்கு?”

“யாரு?”

“நெத்திக்கு மேல கைய வெச்சுப் பாருங்கோ.”

கையை வைத்தேன். கண்ணாடி இருந்தது.

சில வருஷம் கழித்து மகள் கம்ப்யூட்டர் வாங்கியபோது, சுந்தர் அவளுக்கு அனுப்பிய ஃபிளாப்பிகளை நான் எடுத்துப் போட்டேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகல். கடைசிக் கட்டம் வந்தது. நான்கை அமுக்கினேன். அமுக்குவதற்கு முன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன் என்பது உண்மை.

கோர்ட்டில் சத்தம் நின்றது. நீதிபதி நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். தட்டெழுத்துத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு அவருடைய வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன: “வக்கீல் சொல்வது சரி. தவறு என்னுடையது. பதிவைத் திருத்துங்கள்.” முனுசாமி கூண்டிலிருந்து இறங்கிப் போனான். தாடி இல்லாமல், இளைஞனாக.

நான் பதவியிலிருந்த காலத்தில் அந்த நான்காவது வரியை என் முகத்துக்கு நேரே சொன்ன வக்கீல்கள் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் இந்தப் பதிலை நான் சொன்னதில்லை. உட்காருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்த வழக்குகளில் எத்தனை பேருக்குத் தாடி வளர்ந்ததோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அப்போது நான் முயலவில்லை.

அடுத்த வாரமே கோயம்புத்தூருக்குப் போனேன். சுந்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சங்கடப்பட்டு, மாலதியைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னான். மூன்றாம் பாகம் எழுதலாமே, அண்ணாச்சியிடம் நானே போய்ப் பேசுகிறேன் என்றேன். அதெல்லாம் விட்டுப்போச்சு அத்திம்பேர், கை மறந்துடுத்து என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். “தப்பு என்னுதுன்னு நான் சொல்லுவேன்னு எப்படிடா நெனச்சே?”

சுந்தர் சிரித்துவிட்டான். “அது கற்பனைக் கதைதானே, அத்திம்பேர்.”

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில், நான் பிடித்த பிடியை விடாமல் வாதாடும்போதெல்லாம், “தாடி வளர்றது” என்று யாராவது ஒருவர் சொல்லுவார்கள். பேத்திக்கு சுந்தரின் விளையாட்டே தெரியாது. அவளும் சொல்கிறாள்.

போன மாதம் காஸ் சிலிண்டர் பதிவு செய்தது நான்தான் என்று விஜயத்தோடு சாதித்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தாடி வளர்றது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவளுக்கு இப்போது காது சற்று மந்தம். என்ன, என்ன என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாயிற்று.