மடித்து வைத்த துணியும் என் அரபியும்

எனக்கு அரபி தெரியும் என்று நான் சொன்னது பொய்யில்லை. எவ்வளவு தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் குற்றம். (என் வீட்டுக்காரர் இதை வேறு மாதிரி சொல்வார். அவர் சொல்வதை எல்லாம் எழுத இது அவருடைய கட்டுரை இல்லை.)

குவைத்தில் ஒரு வீட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான வில்பட்டிக்குத் திரும்பியிருந்தேன். கொடைக்கானலில் எங்கள் மிஷன் வளாகத்தில் ஒரு சின்ன ரேடியோ ஸ்டூடியோ உண்டு. வாரம் அரை மணி நேரம் அங்கிருந்து அரபியில் ஒரு நிகழ்ச்சி வளைகுடா நாடுகளுக்குப் போகும். பேசுகிறவர் ஒரு மலையாளி. ஈஸ்டருக்கு நான்கு நாள் இருக்கும்போது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வளாகத்தில் வேறு யாருக்கும் அரபியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

"ஸ்டெல்லாம்மா, ஒங்களுக்கு அரபி வருமா?" என்று பாஸ்டர் கேட்டார்.

"தண்ணி பட்ட பாடுங்கய்யா."

பக்கத்தில் நின்ற சபைச் செயலாளர், "பாத்திரம் கழுவப் போன எடத்துல கத்துக்கிட்ட அரபி, ஈஸ்டருக்குச் சரிப்படுமாங்கய்யா?" என்று என் காதுபடவே கேட்டார். அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானே ஏதாவது சாக்குச் சொல்லி நழுவியிருப்பேன். இப்போது விட முடியாது. மறுநாள் காலையிலேயே, பாஸ்டருக்கென்று எங்கள் தோட்டத்துக் கேரட் ஒரு பையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

மலையாளி எழுதி வைத்திருந்த செய்தியைக் கையில் கொடுத்தார்கள். அது அரபி எழுத்தில் இருந்தது. எனக்குப் பேச மட்டும்தான் வரும் என்பதை அப்போதுதான் சொன்னேன்.

பாஸ்டர் நெற்றியைத் தடவினார். "சரிம்மா, ஈஸ்டரோட அர்த்தத்த ஒங்க வார்த்தையிலயே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டார்.

சுவரெல்லாம் மெத்தை அடித்த அறை. நான், ஒரு மைக், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவு பார்க்கும் டேவிட் அண்ணன். அவர் கையைக் காட்டினார். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்து நான் அரபி பேசியதே இல்லை. கைக்கு வேலை இருந்தால்தான் வாய்க்கு அரபி வரும்.

"அண்ணே, ஒரு கத்தி கெடைக்குமா?" என்றேன். அவர் மிரண்டுபோய்க் கொண்டுவந்து கொடுத்தார். பாஸ்டரின் கேரட்டைச் சீவத் தொடங்கினேன். அரபி கொட்டியது.

மூன்று பெண்கள் விடியுமுன் எழுந்து ஆண்டவரின் உடலுக்குப் பூச வாசனைப் பொருள்களைச் சுமந்துகொண்டு கல்லறைக்குப் போனார்கள் என்றேன். வாசலை அடைத்த கல்லை யார் தள்ளுவார்கள் என்ற கவலை அவர்களுக்குத்தான் இருந்தது, தூங்கிக்கொண்டிருந்த ஆண்களுக்கு இல்லை என்றேன். உள்ளே அவர் இல்லை. தலையில் சுற்றியிருந்த துணி தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. "ஒன்பது வருஷத்தில் தன் போர்வையைத் தானே மடித்த ஒருவரையும் நான் வேலை பார்த்த வீட்டில் பார்த்ததில்லை. மரணத்தையே ஜெயித்தவர், இன்னொருத்தி வந்து செய்யட்டும் என்று விடாமல் மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் நமக்காகவும்தான் எழுந்தார்." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து டேவிட் அண்ணன் எனக்குக் காபி கொண்டுவந்து, கம்பளத்தில் கொட்டினார். என் வாய் அரபியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. "குருடா! செருப்போடு ஏன் உள்ளே வந்தாய்? துணி எங்கே? வாளி எங்கே? யல்லா, யல்லா, சீக்கிரம்!" (அந்த ஏச்சை ஒன்பது வருஷம் வாங்கித்தான் பழக்கம். கொடுத்தது அன்றுதான்.)

டேவிட் அண்ணன் அதை வெட்டாமல், அதையும் செய்தியின் உருக்கமான பகுதி என்று நினைத்து வயலின் சேர்த்துவிட்டார்.

ஈஸ்டர் அன்று வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். "வாளி எங்கே?" என்று நான் கத்திய இடத்தில் வயலின் அழுதது. என் மாமியார் கண்ணை மூடி "ஆமென்" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைமை அலுவலகத்தில் அரபி தெரிந்த ஒருவர் கேட்டுவிட்டாராம். செயலாளர் வெள்ளைத்தாளும் பேனாவும் தயாராக வைத்திருந்தார்.

"வேலைக்காரி அரபின்னு எழுதியிருக்காங்க. மன்னிப்புக் கடிதம் ஒண்ணு குடுங்கம்மா."

"டேவிட் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சுங்க. மத்ததுக்குக் கேக்க மாட்டேன். கல்லறைக்கு வெள்ளனே போனவங்களும் சோலி பாக்கத்தான் போனாங்க. அவங்க வந்து சொன்னதயும் ஆம்பளைக மொதல்ல நம்பலைங்க."

தாள் வெள்ளையாகவே கிடந்தது. என்னை மறுபடி பேசக் கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஸ்டூடியோ போனுக்கு அரபியில் ஒரு குரல் செய்தி வந்தது. மலையாளிக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. அர்த்தம் சொல்ல என்னைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஏதோ ஒரு வீட்டில் வேலை பார்க்கும் எத்தியோப்பியப் பெண். என்னுடைய அதே சமையலறை அரபி. செயலாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னேன்: "அக்கா, அந்த மடிச்ச துணியப் பத்தி இன்னொரு தடவ சொல்லுங்கன்னு கேக்குதுங்க."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது படுக்கையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தால், என் வீட்டுக்காரர், "ஏலே, கல்லறையில இருந்து எந்திரிச்சவரே மடிச்சு வச்சுட்டுப் போனாரு, ஒனக்கு என்ன கேடு?" என்பார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ஈஸ்டருக்குப் பிறகு இந்த வீட்டில் அடுத்தவர் போர்வையை நான் மடித்ததே இல்லை.